ஆன்லைன் கவுன்சலிங்கா, நாகர்கோவில் போய் நேரில் பார்க்கவா?

கோதையாற்றங்கரை கேட்டது:

திருவட்டார் பக்கம் வீடு. எனக்கு 31 வயது. கணவர் மஸ்கட்டில், பையன் யூகேஜி. கூட மாமியாரும் கல்யாணமாகாத நாத்தனாரும் இருக்கிறார்கள். ஏழெட்டு மாதமாக சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம் ஆனால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. கை மரத்துப்போகும், இப்போதே செத்துவிடுவேன் என்று தோன்றும். இருபது நிமிஷத்தில் தானாக அடங்கிவிடும். மார்த்தாண்டத்தில் இரண்டு தடவை ஈசிஜி எடுத்தாச்சு, ஒன்றுமில்லை. இரண்டாம் தடவை டாக்டரே கவுன்சலிங் போய்ப் பாருங்கள் என்றார்.

ஆன்லைனில் ஒருவரைப் பார்த்து வைத்திருக்கிறேன். சென்னைக்காரர், 45 நிமிஷத்துக்கு 900 ரூபாய். நேரில் என்றால் நாகர்கோவில், பஸ் மாறிப் போய்வர அரை நாள். பையனை யாரிடம் விடுவது, என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவது? சரி, வீட்டிலேயே பேசலாம் என்றால், எங்கள் வீட்டில் கதவைச் சாத்தினாலே "என்ன மக்களே?" என்று குரல் வரும். போனில் பேசி இதெல்லாம் சரியாகுமா? இரண்டும் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

நைட் டியூட்டி அக்கா:

ஈசிஜி சரி, தைராய்டு பார்த்தீர்களா? டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின் இரண்டையும் பாருங்கள். தைராய்டு கூடினாலும் ரத்தம் குறைந்தாலும் இதே படபடப்பு வரும். அதை விட்டுவிட்டு ஆறு மாதம் கவுன்சலிங் பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

சங்குத்துறை வாக்கர்:

கவுன்சலிங் எல்லாம் காசு பிடுங்கும் வேலை. தினமும் காலையில் பீச்சில் அரை மணி நேரம் நடங்க, எல்லாம் போய்விடும்.

ஷீட்டுக்கடை:

வாக்கர் அண்ணா, பீச்சில் நடந்தும் பார்த்தேன். எனக்கு வந்த வியாதியே காற்றைக் கண்டு பயப்படுவதுதான். சங்குத்துறையில் காற்று எப்படி என்று உங்களுக்குத் தெரியும்.

தங்கச்சி, நான் இரண்டும் பார்த்தவன். கடையில் ஆள் இல்லாத நேரம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 2011-இல் ரப்பர் ஷீட் கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் போனது. அந்தத் தைரியத்தில் கடன் வாங்கி ஒன்றரை ஏக்கரில் மரம் வைத்தேன். பால்வெட்டுக்கு வர எப்படியும் ஏழு வருஷம். அதற்குள் விலை பாதியாகிவிட்டது, அதையும் பொறுத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் வெட்டலாம் என்று இருந்தபோது, 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். முக்கால்வாசி மரம் நடுவில் ஒடிந்து கிடந்தது. வேடிக்கை என்னவென்றால் அப்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒடிந்ததை அறுத்து விறகுக்கு விற்றேன், கரண்ட் இல்லாத நாட்களில் ஊராருக்கு ஓடியாடி உதவினேன். இரண்டு வருஷம் கழித்து ஒரு சாதாரண ஆடிக்காற்றில் பைக்கை நிறுத்திவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்தவன்தான், எழும்ப முடியவில்லை. அதற்கப்புறம் தென்னோலை அசைந்தாலே வெப்ராளம், ஒரே பதற்றம்.

டாக்டரிடம் போகவேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். "ஊளம்பாறைக்கா?" என்றாள். நம் பக்கத்தில் வேறென்ன கேட்பார்கள்? மற்ற ஜில்லாக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம், குமரிக்காரர் நமக்கு இன்றைக்கும் திருவனந்தபுரத்து ஊளம்பாறை மனநல ஆஸ்பத்திரி. 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், இந்தப் பயம் மட்டும் திருவிதாங்கூரிலேயே நிற்கிறது. அதனால் 2021-இல், கொரோனா சாக்கில், ஆன்லைனில் ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு ஆப். மூன்று தடவைக்கு மூன்று பேர் வந்தார்கள், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது. ஒக்கி எனக்கு மட்டும் நாலு தடவை அடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பை விட்டுவிட்டு, தனியாகப் பார்க்கும் ஒரு மேடத்தைப் பிடித்தேன், அவரும் சென்னைதான். முதல் நாள் "ஒரே வெப்ராளமா இருக்கு மேடம்" என்றேன். "அப்படின்னா என்ன?" என்று கேட்டார். சரி, இவரும் நமக்கு ஆகாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் விடவில்லை. வயிற்றில் இருக்குமா நெஞ்சில் இருக்குமா, பயமா அவசரமா, வருவதற்கு முன்னால் என்ன நினைப்பு என்று நோண்டினார். நம்மூர் ஆளிடம் 'வெப்ராளம்' என்றால் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார். பிறந்ததிலிருந்து சொல்லிவரும் வார்த்தைக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் யோசித்தேன்.

எங்கே உட்கார்ந்து பேசினேன் என்று கேளுங்கள். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் புகைப்புரையில். ஷீட்டைப் புகை போடாத நாளாகப் பார்த்துத்தான் போவேன், இருந்தாலும் அந்த நெடியில் வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும். இரண்டு வாரம் என் மனைவி நான் குடிக்க ஆரம்பித்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். கடைசியில் அவளிடம் உண்மையைச் சொன்னேன், அப்புறம் அவளே வாசலில் காவல் இருந்தாள்.

ஆன்லைனில் கிடைத்த பெரிய லாபம் ஒன்று சொல்கிறேன். பயப்படும் இடத்துக்கே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ப் பழகவேண்டும் என்பது இதற்கான சிகிச்சை. மேடம் போனில் இருக்க, நான் வீடியோவோடு தோட்டத்துக்குள் நடப்பேன். முதல் நாள் தொட்டிவரை, அடுத்த வாரம் ஐந்தாவது வரிசைவரை. எந்த கவுன்சலர் குலசேகரம் வந்து ரப்பர் மரத்தடியில் நிற்பார்? நஷ்டமும் அங்கேதான். உண்மையிலேயே காற்று அடிக்கும் நாளில் கரண்ட் போகும், கூடவே சிக்னலும் போகும். எனக்கு ஆள் வேண்டிய நேரம் பார்த்து மேடத்தின் முகம் கட்டம் கட்டமாக உறைந்து நிற்கும்.

அடுத்த வருஷம் மேடம் வேலை மாறிப்போனதால் நாகர்கோவிலில் நேரில் ஒருவரைப் பார்த்தேன், எட்டு தடவை. வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது. வீடியோவில் சும்மா இருக்க முடியாது. நாம் அரை நிமிஷம் பேசாமல் இருந்தால் "ஹலோ, கேட்குதா?" என்று வந்துவிடும். நேரில் நான் ஐந்து நிமிஷம் வாயைத் திறக்கவில்லை, அவரும் திறக்கவில்லை. அதற்குப் பிறகு நான் பேசியது அப்பாவைப் பற்றி. ஒரு வருஷம் ஆன்லைனில் அப்பா பேச்சே வந்ததில்லை. இன்னொன்று, காற்றைப் பற்றிச் சொல்லும்போது நான் கட்டைவிரலைப் பிய்த்துக்கொண்டே இருப்பதை அவர்தான் பார்த்துச் சொன்னார். போன் காமிராவில் கழுத்துக்குக் கீழே நமக்கு உடம்பே கிடையாதே.

அங்கே காத்திருக்கும் இடத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அதே கட்டிடத்தில் மாடியில் பல் டாக்டர். "பல்லு" என்றார் அவர். "எனக்கும்" என்றேன். இப்போதும் சந்தையில் கண்டால் "பல்லு எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொள்வோம்.

போய்வர அரை நாள் என்று கவலைப்படுகிறீர்களே, எனக்கு அந்தத் திரும்பி வரும் பஸ் பிடித்திருந்தது. வீடியோ முடிந்தால் அடுத்த நிமிஷம் யாராவது வந்து ரப்பர் ஒட்டுப்பால் என்ன விலை என்று கேட்பார்கள். பஸ்ஸில் தக்கலை வரும்வரை நான் யாருக்கும் ஒன்றும் சொல்லவேண்டாம். ஆனால் என்னிடம் சின்னப் பையன் இல்லை. உங்கள் நிலைமையில் நானும் ஆன்லைனில்தான் தொடங்கியிருப்பேன். ஒரே ஆளாகப் பிடியுங்கள், அவ்வளவுதான்.

மனநலப் பணியாளர் ஒருவர்:

ஷீட்டுக்கடை சொன்ன 'ஒரே ஆள்' முக்கியம். பதற்றம், மனச்சோர்வு இரண்டுக்கும் வீடியோவில் செய்யும் சிகிச்சை, முறையாகப் படித்தவர் செய்தால், நேரில் செய்வதற்கு ஏறக்குறைய சமமான பலன் தருவதாகத்தான் ஆய்வுகள் சொல்கின்றன. வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

யாரிடம் போகிறீர்கள் என்பதைப் பாருங்கள். கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு வைத்துவிடுகிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொன்னால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கவேண்டும். எண்ணைக் கேளுங்கள், கேட்டால் கோபப்படுபவர் வேண்டாம். மாத்திரை எழுதுவது மனநல மருத்துவர் வேலை. அவர்கள் வீடியோவில் பார்த்து மருந்து எழுத 2020-இல் விதிமுறை வந்துவிட்டது, ஆனால் பழக்கத்துக்கு அடிமையாக்கும் சில மாத்திரைகளை அப்படி எழுத முடியாது.

சாகவேண்டும் என்ற எண்ணம், காதில் குரல் கேட்பது, அல்லது தொல்லை கொடுப்பவரே அடுத்த அறையில் இருப்பது, இதில் எது இருந்தாலும் ஆன்லைனை மட்டும் நம்பி இருக்காதீர்கள், நேரில் வாருங்கள். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் பார்க்கிறார்கள், உங்கள் பக்கத்தில் எந்த நாள் என்று அங்கேயே கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு முடியவில்லை என்றால் 14416. 2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

கோதையாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. ரத்தம் கொடுத்தாச்சு, நாளை ரிசல்ட். சாகும் எண்ணம் எல்லாம் இல்லை, செத்துவிடுவேனோ என்ற பயம்தான். பணியாளர் சொன்ன மாதிரி பதிவு எண் கேட்டேன், உடனே அனுப்பிவிட்டார். சனிக்கிழமை பையனோடு ஆற்றூரில் அம்மா வீட்டுக்குப் போய், மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசலாம் என்று இருக்கிறேன். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவளுக்கும் என் வயதில் சாயங்காலம் இப்படி வருமாம், யாரிடமும் சொன்னதில்லையாம். அண்ணா, இயர்போன் போட்டுப் பேசினால் போதுமா?

ஷீட்டுக்கடை:

போதும். ஒரு காதில் மட்டும் போடுங்கள், படியில் யார் ஏறி வருகிறார்கள் என்று மற்ற காதுக்குத் தெரியவேண்டும்.