மின்னல் குறி வந்தால் எம்டி3608ஐக் கழற்றவேணுமா?

ஈயக்கம்பி:
கையடக்க கேம் பெட்டி கட்டுறவைக்கு நேற்று பிக்சல்ராசா இங்க சொன்ன அறிவுரை: "ராஸ்பெரி பை 3ஏ+ திரையில் மஞ்சள் மின்னல் குறி வந்தால் எம்டி3608ஐக் கழற்றி எறியுங்கள், வேறு வழியில்லை." வாசிச்சு எரிச்சல்தான் வந்தது. பை எண்ட அந்தச் சின்னக் கணினிக்கு வோல்ட் குறைஞ்சால் வாற குறி அது; எம்டி3608 எண்டது பற்றரி வோல்ட்டை 5க்கு ஏத்திக் குடுக்கிற சின்ன மொடியூல். பிழை வயரில. கேம் ஓடேக்க மீற்றரை எம்டி3608இன்ர வெளியீட்டில வையுங்கோ. பிறகு பையின்ர 2ஆம் பின்னுக்கும் (5 வோல்ட்) 6ஆம் பின்னுக்கும் (கிரவுண்ட்) நடுவில வையுங்கோ. முதலாவது 5.1, ரெண்டாவது 4.6 எண்டால் மிச்ச அரை வோல்ட்டைத் திண்டது இடையில இருக்கிற வயரும் சுவிட்சும்தான்.

பிக்சல்ராசா:
கணக்குப் போட்டுவிட்டுப் பேசுங்கள் அண்ணை. மெல்லிய 28 கேஜ் வயர் ஒரு மீற்றர் நீளத்துக்கு 0.21 ஓம். போக 20, வர 20 சென்ரிமீற்றர் என்றாலும் 0.085 ஓம். திரை, ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து 1 ஆம்பியர் இழுத்தால் இழப்பு 0.085 வோல்ட். 5.1இல் அதைக் கழித்தால் 5.0. குறி வருவது 4.63க்குக் கீழே. வயர் எப்படிக் காரணமாகும்? பேட்டரி 3.5 வோல்ட்டுக்கு இறங்கும்போது, செயற்றிறன் 85 வீதம் என்றால், எம்டி3608க்குள்ளே 1.7 ஆம்பியர் போகிறது. அதில்தான் அந்த மலிவு மொடியூல் திணறுகிறது.

ஈயக்கம்பி:
வயரை மட்டும் பிடிச்சுக்கொண்டு சுவிட்சை ஏன் விட்டனீங்கள்? புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில கைநிறைய அள்ளித் தாற சின்ன ஸ்லைட் சுவிட்ச் 1 ஆம்பியருக்குச் செய்ததில்லை. தொடுமுனை கருகினால் 0.3 ஓம் சும்மா வரும். அதோட ஜம்பர் வயர், ரெண்டு முனையிலும் தளர்ந்த செருகி. அதைவிடத் தடிச்ச 22 கேஜ் வயர், 10 சென்ரிமீற்றருக்குள்ள, நேரடியா ஈயம் வைச்சுப் பாருங்கோ. குறி போயிடும். பிறகு, அது பேட்டரி இல்லை, பற்றரி. கொழும்பில இருந்துகொண்டு சென்னைத் தமிழ் என்னத்துக்கு?

கொட்டாஞ்சேனை_8பிட்:
ஒரு விஷயம் இரண்டு பேரும் சொல்லவில்லை. ராஸ்பெரி பை ஸீரோ வரிசையில் மின்னழுத்தம் குறைவதைக் கண்டுபிடிக்கும் சுற்றே இல்லை. குறி வராது, அப்படியே உறைந்து நிற்கும், எஸ்டி கார்டும் பழுதாகும். 3ஏ+ என்றால் டேர்மினலில் விசிஜென்சிஎம்டி கெட்_த்ரொட்டில்ட் என்ற கட்டளையை அடித்துப் பாருங்கள். 0எக்ஸ்50005 வந்தால் இப்போதும் குறைவு, 0எக்ஸ்50000 வந்தால் முன்பு குறைந்திருக்கிறது.

பிக்சல்ராசா:
பேட்டரி என்று எழுதினாலும் பற்றரி என்று எழுதினாலும் முழுச் சார்ஜ் 4.2 வோல்ட்தான். மொழிப்பாடம் இங்கே வேண்டாம். மீற்றர் சராசரியைத்தான் காட்டும். வைஃபை தொடங்கும் நொடியில் சில மில்லிசெக்கன் விழும் பள்ளம் அதில் தெரியாது, அலைகாட்டி (ஒஸிலஸ்கோப்) வேண்டும். அந்தப் பள்ளத்தை நிரப்ப 470 மைக்ரோபரட் கெப்பாசிற்றரைப் பைக்குப் பக்கத்தில் 5 வோல்ட்டில் வைத்தும் குறி வந்தால் மொடியூல்தான் குற்றவாளி.

ஈயக்கம்பி:
போன மாதம் ஐஎல்ஐ9341 திரை வெள்ளையாவே நிக்குது எண்டு ஒராள் கேட்கேக்க "திரை பழுது, வேற வாங்குங்கள்" எண்டு சொன்னதும் நீங்கள்தானே? வாறது தரவா கட்டளையா எண்டு திரைக்குச் சொல்லுற டிசி பின்னும் ரீசெட் பின்னும் மாறிக் கிடந்தது. எதைக் கேட்டாலும் "வேற வாங்கு" எண்டுறதுதான் உங்கட வைத்தியம்.

பிக்சல்ராசா:
அந்தக் கதையை இங்கே இழுக்காதீர்கள். அவர் போட்ட படத்தில் பின்கள் தெரியவில்லை.

கொட்டாஞ்சேனை_8பிட்:
ஐபி5306 என்ற சிப்பைப் போட்டால் சார்ஜிங்கும் 5 வோல்ட்டும் ஒன்றிலேயே முடிந்துவிடும், சண்டையும் இருக்காது.

ஈயக்கம்பி:
சில ஐபி5306 போர்டுகளில சார்ஜரைக் கழற்றேக்க வெளியீடு ஒருக்கா விழும், பை ரீசெட் ஆகும். டிபி4056 எண்ட சார்ஜ் சிப்போட விளையாடிக்கொண்டே சார்ஜ் பண்ணுறதும் சரிவராது. முழுச் சார்ஜ் எண்டு அது நிறுத்த, மின்னோட்டம் பத்தில் ஒன்றாக் குறையவேணும். கேம் இழுத்துக்கொண்டிருந்தால் குறையாது. பி-சனல் மொஸ்பெற்றும் (மின்னால இயங்குற சுவிட்ச்) ஷொட்கி டயோட்டும் (ஒருவழிக் கதவு மாதிரி) வைச்சு, சார்ஜர் செருகியிருக்கேக்க கேம் பெட்டி பற்றரியில இழுக்காமல் லோடைப் பிரிக்கவேணும். புது எம்டி3608 வாங்கினால், பை பூட்ட முதல் அதில இருக்கிற வோல்ட் திருகியைச் சுத்தி 5.1க்குக் கொண்டுவாங்கோ. திருகி எங்க நிக்குது எண்டு தெரியாமல் பூட்டினால் பை செத்துப்போம். ஆனால் மின்னல் குறிக்குக் காரணம் எம்டி3608 இல்லை. சுவிட்ச். வயர்.

பிக்சல்ராசா:
மொடியூல்.

ஈயக்கம்பி:
2ஆம் பின், 6ஆம் பின். அளந்து அளவைப் போடுங்கோ.

பிக்சல்ராசா:
நீங்கள் அலைகாட்டிப் படத்தைப் போடுங்கள், பிறகு பார்ப்போம்.