தொட்டுப் பார்த்த ரயில் வரலாறு: உங்கள் அனுபவம் என்ன?

மீட்டர்கேஜ்:
1853, பம்பாய்–தாணே, 34 கிலோமீட்டர், சாஹிப், சிந்து, சுல்தான் என்று மூன்று எஞ்சின். இது எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. இங்கே திரும்பப் போட வேண்டாம். நம் தென்னகத்துப் பாதைகளில் நீங்களே நேரில் பார்த்தது, கையால் தொட்டது, வேலை செய்தவர் வாயால் கேட்டது, அதை மட்டும் போடுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். பழைய மீட்டர்கேஜ் (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர்) ஸ்டேஷன்களில் வேலிக்கம்பம், கூரைத்தூண் எல்லாம் பெரும்பாலும் கழித்துப்போட்ட தண்டவாளத் துண்டுகள்தான். தலைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் தட்டையாக இருக்கும் இடத்தில் எழுத்துகள் புடைத்திருக்கும். எந்த ஆலை, எந்த வருடம், என்ன எடை என்று எல்லாமே அதில் உண்டு. பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து மறைந்துபோயிருந்தால் ஒரு சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் போதும், புடைப்பு மட்டும் வெள்ளையாக எழுந்து வரும். ஒரு தூணில் இப்படித் தேய்த்தபோது '60 ஆர்' என்று வந்தது. கெஜத்துக்கு 60 பவுண்டு என்று அர்த்தம். இன்று மெயின் லைனில் கிடப்பதும் 60தான், ஆனால் அது மீட்டருக்கு 60 கிலோ. பழைய 60-ஐக் கிலோவுக்கு மாற்றினால் மீட்டருக்கு 30 கூட வராது. எண் அதே, இரும்பு இரண்டு மடங்கு. இது தெரிந்த பிறகு எந்த பிளாட்பாரத்திலும் தூணைப் பார்க்காமல் நடக்க முடிவதில்லை. வீட்டம்மாவிடம் திட்டு விழுகிறது, அது வேறு கதை.

பொன்மலை வாசி:
எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப். சங்கு ஊதினால் குளியல், சங்கு ஊதினால் சாப்பாடு. பொன்மலைக்கு முன்னால் ஒர்க்‌ஷாப் இருந்தது நாகப்பட்டினத்தில். 1928 வாக்கில்தான் இங்கே வந்தது. தாத்தாவின் அப்பா நாகையிலிருந்து வந்தவர் என்பதால் வீட்டில் இன்றும் 'நாகை ஷாப்' என்று பேச்சு அடிபடும்.

அதைவிட எனக்குப் பிடித்தது அந்த நாகை–திருச்சிப் பாதையின் கதை. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே 1861-62இல் அதைப் போட்டபோது அது பிராட்கேஜ், அதாவது அகலப்பாதை. 1870களின் நடுவில் அதைப் பெயர்த்து மீட்டர்கேஜ் ஆக்கினார்கள். நூறு வருடத்துக்கு மேல் அப்படியே ஓடிய பிறகு, நம் காலத்தில் மறுபடியும் பிராட்கேஜ். தஞ்சாவூர் பக்கம் அகலப்பாதை வேலை நடந்தபோது நான் போய் வேடிக்கை பார்த்தேன். கேங் ஆட்களிடம், "இது முதலில் அகலப்பாதையாக இருந்ததுதான்" என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. மேஸ்திரி மட்டும், "அப்போ எதுக்கு சார் பெயர்த்தாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. செலவு மிச்சம் பிடிக்க வைஸ்ராய் மேயோ பிரபு காலத்தில் எடுத்த முடிவு அது. மிச்சம் பிடித்ததை நாம் வட்டியோடு கட்டினோம்.

லைன் கிளியர்:
நான் ரிட்டையர்டு ஸ்டேஷன் மாஸ்டர். ஒற்றைப் பாதையில் பல வருடம் நீல்ஸ் பால் டோக்கன் கருவியோடு குப்பை கொட்டியவன். இன்றைய பிள்ளைகள் அதை மியூசியத்தில்தான் பார்க்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு ஸ்டேஷனிலும் சிவப்பு பெயின்ட் அடித்த ஆளுயர இரும்புப் பெட்டி ஒவ்வொன்று. உள்ளே கைக்குள் அடங்கும் உலோக உருண்டைகள். ஒவ்வொன்றிலும் எந்த இரு ஸ்டேஷனுக்கு நடுவில் உள்ள பாதைக்கு உரியது என்று பொறித்திருக்கும். மணியடித்து அடுத்த எஸ்.எம்.மைக் கூப்பிட்டு லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்பச் சம்மதம், கேட்க வேண்டும். அவர் சம்மதித்துத் தன் பக்கத்திலிருந்து கரண்ட் கொடுத்தால்தான் இங்கே ஓர் உருண்டை வெளியே விழும். விழுந்த நொடியே இரண்டு பெட்டியும் பூட்டிக்கொள்ளும். அந்த உருண்டையை இந்தப் பெட்டியிலோ அந்தப் பெட்டியிலோ திரும்பப் போடும்வரை இன்னொன்றை எவரும் எடுக்க முடியாது. ஆக, உருண்டை யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பாதை. கம்ப்யூட்டர் இல்லை, ஒன்றுமில்லை.

அடுத்தடுத்த செக்‌ஷனுக்கு உருண்டையில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் அமைப்பு மாறும். தூக்கக் கலக்கத்தில் பக்கத்துப் பெட்டியில் போட்டாலும் உள்ளே போகாது. இதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

நிற்காமல் போகும் மெயிலுக்கு உருண்டையைத் தோல்பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, பாயிண்ட்ஸ்மேன் பிளாட்பார ஓரத்தில் உயர்த்திப் பிடிப்பார். இரவில் தீவட்டி வேண்டும். ஃபயர்மேன் முதலில் கையிலிருக்கும் வளையத்தை வீசிவிட்டு, அதே வேகத்தில் கையை மடக்கி இதைக் கோத்துக்கொள்வார். கொஞ்சம் வேகம் கூடிப்போனால் தோளிலிருந்து முழங்கைவரை கன்றிப்போகும். ஒருமுறை நானே பிடித்து நின்றேன். வளையம் போய்விட்டது, ஆனால் அந்தக் காற்றும் சூடும் கரியும் முகத்தில் அறைந்ததில் சட்டைப்பையில் இருந்த பேனா எங்கே போனது என்றே தெரியவில்லை.

கடைசி பெஞ்ச்:
அய்யா, ஒரு சந்தேகம். ஒரே திசையில் வண்டி அதிகம் போனால் உருண்டை எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துவிடாதா?

லைன் கிளியர்:
சேரும் தம்பி. அப்போது சிக்னல் மெயின்டெய்னர் வந்து முறைப்படி எழுதி வைத்துவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து எடுத்து மறு பக்கத்தில் போட்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டுவார்.

பல்சக்கரம்:
எனக்கு நீலகிரி. மேட்டுப்பாளையம்–குன்னூர் 1899, ஊட்டிவரை 1908, 208 வளைவு, 16 குகை, 12.5 அடிக்கு ஓர் அடி ஏற்றம் என்ற கணக்கெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். குன்னூரில் இறங்கி எஞ்சின் பக்கத்தில் நின்று பார்க்கிறவர்கள் கொஞ்சம்தான். பெரும்பாலும் செல்ஃபியோடு முடிந்துவிடுகிறது.

சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த எக்ஸ் வகை எஞ்சினில் பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர், ஒன்றின் மேல் ஒன்றாக. கீழ் சிலிண்டர் சாதாரணச் சக்கரத்தைச் சுற்றும். அதில் வேலை செய்து முடித்த நீராவி மேல் சிலிண்டருக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். நடுவில் பற்சக்கர இணைப்பு இருப்பதால் மேல் ராடும் கீழ் ராடும் எதிரெதிர் திசையில் சுழலும். கல்லாறு தாண்டி, பல் தண்டவாளம் தொடங்கும் இடத்தில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டாமல் காதைக் கொடுங்கள். புகைச்சத்தம் திடீரென்று மாறும். மேல் சிலிண்டரும் சேர்ந்துகொண்டது என்று அர்த்தம். எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று கொடி காட்டிக்கொண்டே வருவார்.

பாதையின் நடுவில் இருக்கும் பல் தண்டவாளத்தையும் குனிந்து பாருங்கள். ஆப்ட் முறையில் இரண்டு பட்டை பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும். அதனால் எந்த நேரமும் ஏதாவது ஒரு பல் பிடிமானத்தில் இருக்கும். இந்தியாவில் பல் தண்டவாளத்தில் ஓடும் ரயில் இது ஒன்றுதான்.

பொன்மலை வாசி:
@பல்சக்கரம், அதே எக்ஸ் வகை எஞ்சினைப் புதிதாகப் பொன்மலையிலேயே செய்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார். முதலில் எண்ணெயில் ஓடுவது, அப்புறம் நிலக்கரியில் ஓடுவது. விட்டுக்கொடுக்க முடியாது.

ராயபுரம் வாசல்:
தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1, ராயபுரம்–வாலாஜா ரோடு. அந்த ராயபுரம் ஸ்டேஷன் கட்டடம் இன்னும் நிற்கிறது, வண்டியும் நிற்கிறது. தினமும் அந்தத் தூண்களைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

மீட்டர்கேஜ்:
பயணிகள் ரயில் என்று சொன்னீர்களே, சரியாகச் சொன்னீர்கள். செங்குன்றம் பக்கத்திலிருந்து சாலை போடக் கல் சுமந்த ரயில் 1837இலேயே சென்னையில் ஓடிவிட்டது. பம்பாய்க்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஐந்து இருபத்தொன்று:
என் அனுபவம் ஸ்டேஷனில் இல்லை, நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில். பொதுமக்களை உள்ளே விடும் ஒரு நாளில் போனேன். அங்கே சுமார் 15 அடி உயரக் கருங்கல் தூண் ஒன்று உண்டு. 1792இல் கட்டிய சென்னை வானாய்வகத்தில் தொலைநோக்கியைத் தாங்கிய தூண். அதில் தமிழிலும் தெலுங்கிலும் கல்வெட்டு இருக்கிறது. நிழலில் படிக்க முடியவில்லை, மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தபோது எழுத்து கிளம்பியது.

இதற்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அந்தக் காலத்தில் பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம். இரண்டுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். டைம்டேபிள் எந்தக் கடிகாரத்தில் அச்சடிப்பது? கிட்டத்தட்ட நடுவில் இருந்த மெட்ராஸ் நேரத்தை ரயில்வே எடுத்துக்கொண்டது. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால். இங்கிருந்து தந்தியில் நேரம் போகும், நாட்டின் ஸ்டேஷன் கடிகாரங்கள் எல்லாம் அதற்குத் தகுந்தாற்போல் ஓடும். 1906இல் ஐந்தரை மணிக் கணக்கு வரும்வரை முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஏற்பாடு இருந்தது. ரயில்வே சொத்தே இல்லாத ஒரு கல்தூணைத்தான் நம் ரயில் வரலாற்றின் முதல் நினைவுச்சின்னம் என்பேன்.

கடற்பாலம்:
பாம்பன் இல்லாமல் இந்த இழை முடியக்கூடாது. எங்கள் அப்பத்தா போட்மெயிலில் எழும்பூரிலேயே கொழும்புவரை டிக்கெட் எடுத்துப் போனவர். தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடிப் பாசஞ்சரைப் பயணிகளோடு கொண்டுபோனபின் அந்தப் பாதையைத் திரும்பப் போடவே இல்லை. பாம்பன் பாலத்தின் 145 கர்டர்களில் 126 கடலுக்குள் போய்விட்டன. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் மீட்டுக் கட்டினார்கள். பிற்காலத்தில் கொங்கண், டெல்லி மெட்ரோ என்று பேர் வாங்கிய அதே ஸ்ரீதரன்தான்.

நான் பார்த்தது 1914ஆம் வருடத்து ஷெர்சர் தூக்குப்பாலம் திறந்ததை. மோட்டார் கிடையாது. இரு கரைப் பக்கமும் ஆட்கள் நின்று நீண்ட நெம்புகோலைத் தள்ளித் தள்ளிச் சுற்றினார்கள். இரண்டு கையும் வானத்தைப் பார்த்து எழ எழ, பல் ஒவ்வொன்றாக மாறும் சத்தம் கரைவரை கேட்டது. அவர்கள் முதுகுச் சட்டை முழுக்க நனைந்திருந்தது. 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகிறது, எல்லாம் பட்டனில். வசதிதான், குறை சொல்லவில்லை.

கடைசி பெஞ்ச்:
லைன் கிளியர் அய்யாவிடம் இன்னொன்று. அந்த உருண்டை தொலைந்துபோனால்?

லைன் கிளியர்:
தொலைந்திருக்கிறது தம்பி. ஒரு ராத்திரி, ஃபயர்மேன் வீசிய வளையம் பிளாட்பாரத்தைத் தாண்டி நடவு வயலுக்குள் போய்விட்டது. பை அறுந்து உருண்டை தனியாகக் கழன்றுவிட்டது. இரண்டு பெட்டியும் பூட்டிக் கிடக்கிறது. கருவியை நிறுத்திவைத்து, அடுத்த ஸ்டேஷனோடு பேசி ரகசிய எண் மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு வண்டிக்கும் பேப்பர் லைன் கிளியர் எழுதிக் கொடுக்க வேண்டும். பத்து நிமிட வேலை அரை மணி ஆகும். விடியும்வரை அரிக்கேன் விளக்கோடு நான்கு பேர் சேற்றில் துழாவினோம். கிடைக்கவில்லை.

காலையில் ஏர் ஓட்ட வந்தவரின் பையன் அதைக் கழுவித் துடைத்துக் கையில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். கேட்டால் தர மாட்டேன் என்கிறான். பாயிண்ட்ஸ்மேன் கெஞ்சினார், நான் அதட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் என் பச்சைக் கொடியை ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்ற பேரத்தில்தான் உருண்டை கைக்கு வந்தது. அன்று முழுக்க வந்த வண்டிக்கெல்லாம் ஸ்பேர் கொடிதான்.