‘பாட்டா வீடு’ குழுவில் அப்புவின் காக்கா

செவ்வாய், இரவு 8.10

அப்பு அம்மா: இன்று பள்ளிக்கூடத்தில் அப்பு அழுதிருக்கிறான். மதிலில் இருந்த காக்காவைக் காட்டி ‘தாத்தா, தாத்தா’ என்றானாம். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. வியாழக்கிழமை டாக்டரிடம் போக யாராவது கூட வர முடியுமா? அவருக்கு லீவு இல்லை.

தக்கலை மாமா: நம்ம வீட்டில் தாத்தாவை எல்லோரும் பாட்டா என்றுதானே கூப்பிடுகிறோம். அவன் தாத்தா என்றால் காக்கா என்று நமக்குத் தெரியும். அங்கே யாருக்குத் தெரியும்.

பாட்டி: (வாய்ஸ், 1.42)

தக்கலை மாமா: அம்மா சொல்வது இதுதான். வசம்பைச் சுட்டு, தேனில் உரைத்து நாக்கில் தடவணுமாம். பாக்கி முழுக்க கோழி பற்றி.

மார்த்தாண்டம் அத்தை: நான் அப்போதே சொன்னேன். அப்பா தமிழ், அம்மா மலையாளம். பிள்ளை எதைப் பிடிக்கும்?

அப்பு அம்மா: அத்தை, மலையாளத்திலும் காக்கா காக்காதான். அதையும் அவன் தாத்தா என்றுதான் சொல்கிறான்.

தக்கலை மாமா: அத்தைக்குக் கல்யாணப் பந்தியில் அடப்பிரதமன் பாயசம் தீர்ந்துபோன கோபம் இன்னும் போகவில்லை.

மார்த்தாண்டம் அத்தை: அதை ஏன் இப்போ இழுக்கிறாய்.

குலசேகரம் சித்தி: இப்போதுதான் பார்த்தேன். மக்களே, பயப்படாதே. 22 வருஷமாக அங்கன்வாடியில் இதைப் பார்க்கிறேன். ‘த’ சொல்லும்போது நாக்கு நுனி பல்லில் முட்டும். ‘க’வுக்கு நாக்கின் பின்பக்கம் எழும்பி மேலே முட்டணும். அப்பு எல்லாவற்றையும் முன்னாலேயே முட்டுகிறான். கப்பல் தப்பல், கடை தடை. சின்னப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் பேசுவார்கள், நாலு வயதுக்குள் பெரும்பாலும் மாறிவிடும். அப்புவுக்கு நாலரை ஆகிறது, அதனால் காட்டுவது நல்லது. ர, ற, ழ எல்லாம் பிந்தி வருகிற எழுத்து, அதற்கு இப்போது கவலைப்படாதே.

முதலில் காது. மழைக்காலம் முழுக்க சளியோடு கிடந்தானே. காதுக்குள் நீர் கட்டியிருந்தால் சத்தம் மங்கலாகத்தான் விழும். காது டெஸ்ட் எடுக்காமல் வேறு எதையும் தொடங்காதே. இரண்டு பாஷையால் இது வராது அக்கா, அப்படியானால் கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளையில் பாதிப் பிள்ளைகள் பேசவே மாட்டார்கள். வசம்பும் வேண்டாம் அம்மா. அதிகம் உள்ளே போனால் வாந்தி எடுப்பான். நாக்கில் குறை இல்லை, முட்டுகிற இடம்தான் மாறுகிறது.

அப்பு அம்மா: வீட்டில் நான் என்ன செய்யணும் சித்தி?

குலசேகரம் சித்தி: ‘காக்கா சொல்லு, சரியாச் சொல்லு’ என்று படுத்தாதே. அவன் தாத்தா என்றால், ‘ஆமா, காக்கா. கருத்த காக்கா’ என்று நீ நிதானமாகச் சொல். அவனைத் திருப்பிச் சொல்ல வைக்காதே. ஒரு தாளில் கோடும் இன்னொன்றில் தோடும் வரைந்து வை. நீ சொல்லு, அவன் தொடட்டும். இரண்டும் வேறு என்று காது முதலில் பிரிக்கணும், அப்புறம்தான் நாக்கு. மல்லாந்து படுத்தால் நாக்கு தானே பின்னால் போகும். அப்படிப் படுத்துக்கொண்டு க்க்க் என்று விளையாடுங்கள். தினம் 5 நிமிஷம் போதும். அங்கன்வாடிக்கு விட்டிருந்தால் டாக்டர் குழு வரும்போதே கவனித்திருப்பார்கள். 2013-ல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்கிற குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டம், வருஷம் 2 தடவை வருவார்கள். சரி, அது வேறு பேச்சு.

தக்கலை மாமா: அது வேறு பேச்சேதான்.

மார்த்தாண்டம் அத்தை: கோயில் கொடைக்குக் கொடுத்துவிட்ட என் பெரிய குட்டுவப் பாத்திரம் யார் வீட்டில் இருக்கு?

தக்கலை மாமா: குலசேகரத்தில்.

குலசேகரம் சித்தி: இங்கே இல்லை.

குவைத் சித்தப்பா: இப்போதுதான் டூட்டி முடிந்தது. எனக்குச் சின்ன வயதில் ‘ற’ வராது. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா கூப்பிட்டு ‘முறுக்கு’ சொல்லச் சொல்வார். முதுக்கு என்பேன், எல்லோரும் சிரிப்பார்கள். அப்புறம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே நெல்லறைக்குள் போய்விடுவேன். உள்ளே உமி வாசனை, கதவு இடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம். வந்தவர்கள் போகிறவரை அங்கேயே இருப்பேன். அப்பாவைக் குறை சொல்லவில்லை, அவருக்குப் பிரியம்தான். அப்புவை மட்டும் யார் முன்னாலும் சொல்ல வைக்காதீர்கள்.

8.55

மார்த்தாண்டம் அத்தை: தம்பி, நீ அங்கே ஒளிந்து விளையாடுகிறாய் என்றுதான் நினைத்தேன். நானும் சிரித்திருக்கிறேனே.

குவைத் சித்தப்பா: பரவாயில்லை அக்கா.

மார்த்தாண்டம் அத்தை: வியாழக்கிழமை நான் வருகிறேன். எங்கே போகணும்?

குலசேகரம் சித்தி: ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ், காது மூக்கு தொண்டை ஓ.பி.

தக்கலை மாமா: திருவனந்தபுரம் ஆக்குளத்தில் நிஷ் இருக்கே. 1997-ல் தொடங்கினது, காதுக்கும் பேச்சுக்குமான இடம். அப்பு அம்மாவின் பிறந்த வீடும் பக்கம்.

குலசேகரம் சித்தி: முதலில் ஆசாரிப்பள்ளத்தில் காதைப் பார்க்கட்டும். பேச்சுப் பயிற்சிக்கு வாரா வாரம் போகணும், ஆக்குளம் வரை முடியுமா?

அப்பு அம்மா: அவரிடமும் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். கிளாஸ் டீச்சரிடம் நாளை நானே பேசுகிறேன்.

பாட்டி: (வாய்ஸ், 0.09)

அப்பு அம்மா: சரி பாட்டி, வசம்பு இல்லை, தேன் மட்டும்.

தக்கலை மாமா: என் வண்டி வேணுமா? வேணும் என்றால் இன்றே சொல்லுங்கள், டயர் பார்க்கணும்.

மார்த்தாண்டம் அத்தை: 7 மணிக்கு வா. குட்டுவத்தையும் ஏற்றிக்கொள்.

குலசேகரம் சித்தி: குட்டுவம் இங்கே இல்லை அக்கா.