தண்ணீரைத் தொடாமல் பறக்கும் படகு: இதுவும் பாய்மரப் பந்தயம்தானா?

அலைமகன்: 2024இல் பார்சிலோனாவில் நடந்த அமெரிக்கா கோப்பை பாய்மரப் படகுப் பந்தயத்தை முழுக்கப் பார்த்தேன். நியூசிலாந்து பிரிட்டனை 7-2 என்று வென்றது. ஃபாயில் என்ற நீருக்கடி இறக்கைகளின் மேல் எழும்பிப் பறக்கும் அந்த ஏசி75 வகைப் படகுகள் அழகுதான். ஆனால் காற்று குறைந்து ஒரு படகு ஃபாயிலிலிருந்து இறங்கிவிட்டால், பந்தயம் அங்கேயே முடிந்துபோகிறது. படகும் படகும் நெருக்கி மோதும் பழைய உரசல் இதில் எங்கே?

வாடைக்காற்று: உரசல் இருக்கிறது, திருப்பங்களைப் பாருங்கள். படகின் இரு பக்கமும் ஃபாயிலைத் தாங்கும் கைகள் உண்டு; திரும்பும் முன் மேலே நிற்கும் கையைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். ஒரு கணம் இரண்டு கைகளும் நீரில். அப்புறம் பழைய கை மேலே எழும். சுக்கான் இடப்பக்கத்துக்காரரிடமிருந்து வலப்பக்கத்துக்காரருக்குப் போகும். அதில் கொஞ்சம் பிசகினாலும் படகின் மூக்கு தண்ணீரில் குத்தும், எதிராளி கடந்துபோவார். அந்தச் சில விநாடிகளுக்காகத்தான் நான் தூக்கத்தை விட்டுப் பார்க்கிறேன்.

சான் பிரான்சிஸ்கோ 2013 நினைவிருக்கிறதா? 8-1 என்று முன்னிலையில் இருந்த நியூசிலாந்து, 13வது பந்தயத்திலும் முன்னால் போனது. காற்று இல்லை, 40 நிமிட வரம்பு முடிந்து பந்தயம் ரத்து. கடைசியில் அமெரிக்க அணியான ஆரக்கிள் 9-8 என்று கோப்பையைத் தக்கவைத்தது. அதுவும் பறக்கும் படகுகள்தான்! எனக்கு இன்னும் ஆறவில்லை.

உப்புக்காற்று: 2024 படகுகளில் எனக்குப் பிடிக்காதது சைக்கிள் மிதிப்பவர்கள்தான். பாயை இயக்கும் ஹைட்ராலிக் அழுத்தத்துக்காகத் தலை குனிந்து மிதித்தார்கள், கடலையே பார்க்கவில்லை.

வாடைக்காற்று: அதில் உங்களோடுதான் நிற்கிறேன். பாய்க் கயிற்றைக் கையால் இழுத்தவர்களுக்குப் படகில் இடம் வேண்டும்.

அலைமகன்: சரி, இன்று இரவு அந்த 13வது பந்தயத்தைத் தேடிப் பார்க்கிறேன்.