புது வேலை, தலை தீபாவளி: "இதோ கிளம்பிட்டேன்" என்று சொன்னவர்கள் வாங்க

கோபி மாப்பிள்ளை:
108-இல் மருத்துவ உதவியாளராகச் சேர்ந்த மூன்றாவது மாதம் தலை தீபாவளி. புது ஆள், லீவு கேட்க வாய் வரவில்லை. இரவு ஷிப்ட் கிடைத்ததே பெரிய விஷயம் என்று நினைத்தேன். காலை 8 மணிக்கு வண்டியை ஒப்படைத்தால் 9 மணிக்கு மாமனார் வீடு. கணக்கு அழகாக இருந்தது.

7.40-க்குக் கேஸ். எரியாத புஸ்வாணத்தைக் குனிந்து பார்த்த பையன். முகமும் வலது கையும். கை முழுக்கப் பேஸ்ட்டை அப்பி வைத்திருந்தார்கள். அதைக் கழுவிக்கொண்டிருக்கும்போது மாமனார் போன். "இதோ கிளம்பிட்டேன் மாமா" என்றேன். கிளம்பியது உண்மைதான், எதிர்த் திசையில். தாலுகா ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்குப் போனபோது மணி 12.30. மாமா புது வேட்டியில் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். சர்க்கரை மாத்திரையைக் காலையிலேயே போட்டாயிற்று, மாப்பிள்ளை வராமல் இலை போடக் கூடாதாம். எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினார். கை நடுங்கியது, நெற்றியெல்லாம் வேர்வை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. "சர்க்கரை கொண்டு வாங்க அத்தை" என்று கத்தினேன். அவர் சர்க்கரை டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, "அவருக்குத்தான் சர்க்கரை ஆச்சே மாப்பிள்ளை" என்று தர மறுத்தார். பிடுங்கித்தான் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். எல்லாரும் அதை ஜோக்காகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வர நேரமாகும், சாப்பிடுங்க" என்று சொல்ல எத்தனை நொடி ஆகியிருக்கும்?

ராத்திரி டியூட்டி அக்கா:
தம்பி, உங்களுக்காக இலை போடாமல் காத்திருந்தார்கள். நாங்கள் டியூட்டி முடிந்து போனால் பாத்திரம் காத்திருக்கும். நானும் மருத்துவ உதவியாளர்தான். சேர்ந்த வருஷம் பொங்கலுக்கு முந்தின ராத்திரி, ஆஸ்பத்திரிக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டியை ஓரம் கட்டிப் பிரசவம் பார்த்தோம். பெண் குழந்தை. துடைத்துச் சுற்றி அம்மா நெஞ்சின் மேல் போட்டேன், கூட வந்த பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு வீட்டுல பொங்கல் வைக்க வேண்டாமா தாயி?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்குப் போனால் வாசல்கூடத் தெளிக்கவில்லை. "நீ வந்து கோலம் போடுவேன்னு இருந்தோம்." மூன்று பேர் இருந்த வீடு அது. குளித்துவிட்டு நானே பானை வைத்தேன். அந்தப் பாட்டி கேட்டது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

பழைய தீயணைப்புக்காரன்:
ஓய்வு பெற்றுவிட்டேன். தீபாவளி என்றால் எங்கள் நிலையத்தில் யாருக்கும் லீவு என்ற பேச்சே கிடையாது. 2018-இலிருந்துதான் காலை ஒரு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம் என்று வெடிக்கு நேரம் வைத்தார்கள், எங்கள் காலத்தில் விடிய விடிய ராக்கெட், விடிய விடிய கூரை. முதல் தீபாவளிக்கு மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அதிரசத்தோடு நிலையத்துக்கே வந்தாள். டப்பாவைத் திறக்கும்போது பெல். அதன் பிறகு எங்கே சைரன் கேட்டாலும் பிள்ளை "அப்பா போயிட்டாரு" என்பாள். அவ்வளவுதான் என் கதை.

இப்போது மாப்பிள்ளைக்கு. தப்பு உங்கள் போனில் இல்லை. மாத்திரை போட்டவரைப் பட்டினியாக உட்கார வைத்த வீட்டில்தான். அதைவிட முக்கியம், வீட்டாரிடம் மணிக் கணக்கே சொல்லாதீர்கள். "வந்தால் பார்க்கலாம்" என்று பழக்குங்கள். பண்டிகையை நாள் மாற்றிக் கொண்டாடுங்கள், பிள்ளைகளுக்கு அமாவாசையா பாட்டிமையா தெரியாது. கூட வேலை செய்யும் கிறிஸ்தவ, முஸ்லிம் நண்பர்களிடம் இப்போதே பேசி வையுங்கள். கிறிஸ்துமஸுக்கும் ரம்ஜானுக்கும் நீங்கள் நின்றால் தீபாவளிக்கு அவர்கள் நிற்பார்கள். பிறகு அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை: முதல் மாதமே வீட்டு வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு பழக்கம் படிந்துவிட்டால் மாற்றுவது கஷ்டம். ராத்திரி ஷிப்ட் முடிந்து பைக் ஓட்டாதீர்கள், பஸ்ஸில் போங்கள்.

ராத்திரி டியூட்டி அக்கா:
பிரித்துக் கொடுக்கச் சொல்கிறீர்களே ஐயா, நீங்கள் விடிய விடிய நெருப்பு அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய் வாசல் தெளித்தீர்களா? அந்த அதிரசத்தைச் சுட்டது யார்?

மதுரை பைலட்:
108-இல் டிரைவரைப் பைலட் என்பார்கள், நான் அந்த வேலை. ஷிப்ட் மாற்றிக்கொள்ளச் சொல்வதெல்லாம் பேச நன்றாக இருக்கிறது. எங்கள் பக்கம் பொங்கல் அன்று அவனியாபுரம், மாட்டுப் பொங்கலுக்குப் பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர். மூன்று நாளும் ஜல்லிக்கட்டு, வாடிவாசல் பக்கம் வண்டி நிற்க வேண்டும். யாரிடம் போய் மாற்றுவது? சேர்ந்த வருஷம் பாலமேட்டில் குத்துப்பட்ட பையனை ஏற்றிக்கொண்டு பறக்கிறேன், பின்னால் இருந்து அவன் கேட்டது: "அண்ணே, என் மாடு பிடிபட்டுச்சா?" என் வீட்டு மாட்டுக்கு அன்று கொம்பில் சாயம்கூடப் பூசவில்லை.

கோபி மாப்பிள்ளை:
பையனின் கை ஆறிவிட்டது என்று அவன் அப்பா போன் செய்தார். ஐயா, பைக்கைப் பற்றிச் சொன்னது சரி, அன்று வழியில் ஒரு இடத்தில் கண் சொக்கியது. அக்கா, நீங்கள் எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அப்புறம்தான் சொன்னாள், அன்று அத்தையும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். நான் கேட்கவே இல்லை.