மறு: வட்டுக்கட்டு – எந்த வட்டைச் சுமப்பது, அதை எந்தச் சொல்லால் சொல்வது?

வணக்கம்.

வட்டை வீசிக் கூடைக்குள் விழவைக்கும் டிஸ்க் கோல்ஃப் ஆடப் புதிதாக வருபவர் பையில் எந்தெந்த வட்டுகளை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சிறு கையேடு எழுத உட்கார்ந்தேன். முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. ஆட்டம் தெரிகிறது, சொல் இல்லை. அதனால்தான் இந்த ஆட்டத்தின் சொற்களுக்குத் தமிழ் என்ன என்று குழுவில் கேட்டேன். வந்த மறுமொழிகளை, வட்டுகளைப் பக்கத்தில் பரப்பி வைத்துக்கொண்டு படித்தேன். எனக்கு ஒத்துவந்தவையும் வராதவையும் கீழே.

> கோல்ஃபுக்குக் குழிப்பந்தாட்டம் என்ற சொல் இருக்கிறது. இதை வட்டுக் குழிப்பந்தாட்டம் எனலாமே?

இதில் பந்தும் இல்லை, குழியும் இல்லை. ஒரு கம்பம், அதில் தொங்கும் சங்கிலிகள், கீழே ஒரு கூடை, அவ்வளவுதான். கூடைப்பந்து எல்லோர் வாயிலும் பழகிவிட்டதால் அதே அச்சில் 'கூடைவட்டு' என்று ஒருவர் எழுதியது எனக்கு உடனே பிடித்துப்போனது. தொடக்கத்தில் கூடையே இல்லையே என்று குழுவில் ஐயா எழுப்பிய தடையும் நியாயமானதே. 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் முதல் நிலையான களத்தை அமைத்தபோது இலக்காக நின்றவை வெறும் கம்பங்கள். சங்கிலிக் கூடை பிறகுதான் வந்தது. ஆனால் இன்று களத்துக்குப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது கூடைதான். கையேட்டில் 'கூடைவட்டு' என்றே எழுதப்போகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் டிஸ்க் கோல்ஃப் என்பதையும் சேர்த்துவிடுகிறேன்.

வட்டா தட்டா என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. தமிழ்நாட்டில் வட்டு எறிதல், இலங்கையில் தட்டெறிதல், இரண்டும் நம்முடையவையே. தட்டு என்றால் பறக்கும் தட்டு நினைவுக்கு வந்து வேற்றுக்கிரகவாசிகளைக் கூட்டி வந்துவிடும் என்ற ஒரே காரணத்தால் வட்டு.

> வட்டில் அச்சாகும் நான்கு எண்களுக்கும் (speed, glide, turn, fade) நேரான சொற்கள் உள்ளனவே: வேகம், மிதப்பு, திரும்பல், மங்கல். இதில் என்ன சிக்கல்?

முதல் சொல்லிலேயே சிக்கல், ஐயா. ஒரு வட்டின் மேல்பக்கத்தில் 12, 5, -1, 3 என்று அச்சாகியிருக்கும். இவை இன்னோவா நிறுவனத்தின் டெஸ்ட்ராயர் வட்டுக்கான எண்கள். முதல் எண்ணை 'வேகம் 12' என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? இது வேகமாகப் போகும், தூரமாகவும் போகும் என்றுதான். நானும் அப்படி நினைத்துத்தான் முதல் வட்டாகவே 12 வாங்கினேன். கையை விட்டதும் இடப்பக்கம் சரிந்து நாற்பது மீட்டருக்குள் தரையைக் குத்தியது. கூட வந்தவர் 2 என்று போட்டிருந்த வட்டை அலட்டிக்கொள்ளாமல் வீசினார்; அது என்னுடையதைத் தாண்டிப் போய் விழுந்தது. தோளில் வலு போதவில்லை என்று ஒரு மாதம் தண்டால் எடுத்தேன். வீண்!

அந்த 12 என்பது வட்டு நமக்குத் தரும் வேகமே இல்லை. வட்டு நம்மிடம் கேட்கும் வேகம். அதைக் கொடுத்தால்தான் மற்ற மூன்று எண்களும் உண்மையாகும். கொடுக்காவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வட்டும் சரிந்துதான் விழும். ஆகவே 'வேகத்தேவை' என்ற சொல்லை முன்வைக்கிறேன். 'வேகம் 12' என்று படித்தவர் ஆசைப்படுவார், 'வேகத்தேவை 12' என்று படித்தவர் கொஞ்சம் தயங்குவார். கடையில் நிற்கும்போது அந்தத் தயக்கம் இருக்கட்டும்.

இரண்டாம் எண், வட்டு காற்றில் எவ்வளவு தங்கும் என்பது. அதற்கு மிதப்பு அருமையான சொல், அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

மங்கல் வேண்டாம். வெளிச்சம் மங்கும், பார்வை மங்கும், வட்டு மங்காது. திரும்பலும் மங்கலும் சொல்லுக்குச் சொல் வைத்தவை. வட்டு காற்றில் என்ன செய்கிறது என்பது இரண்டிலும் இல்லை. வலக்கைக்காரர் ஒருவர் வட்டை இடமார்பருகே இழுத்துப் புறங்கையால் வீசினால், மேலிருந்து பார்க்க அது வலஞ்சுழியாகச் சுற்றும். வேகம் நிறைந்த முதல் கட்டத்தில் வலப்பக்கம் கொஞ்சம் வளையும். வேகம் அடங்கியதும் இடப்பக்கம் மடங்கி இறங்கும். பறக்கும் பாதை மல்லாத்திப் போட்ட ஒரு நீளமான கொக்கி போல இருக்கும். பம்பரம் விட்டவர்களுக்கு இதன் காரணம் எளிதில் புரியும்: சுற்றுகிற பம்பரத்தை ஓரத்தில் தட்டினால் தட்டிய பக்கம் விழாது, அதற்குக் குறுக்கே சாயும். வேகமாகப் போகும்போது காற்று வட்டின் மூக்கைக் கீழே அழுத்துகிறது, வேகம் குறைந்து வட்டு இறங்கத் தொடங்கியதும் மூக்கை மேலே தூக்குகிறது. சுழற்சி இருப்பதால் இரண்டுமே பக்கச் சாய்வாக, ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாக வெளிப்படுகின்றன.

> வலவளைவு, இடவளைவு என்று வைத்துவிட்டு என்னைப் போன்ற இடக்கைக்காரரை என்ன செய்வதாக உத்தேசம்?

அக்கா கேட்டது சரி. இடக்கைக்காரருக்கு இரண்டும் மாறிவிடும். வலக்கைக்காரரே உள்ளங்கைப் பக்கமாக வீசினாலும் மாறிவிடும். பக்கத்தை வைத்துப் பெயரிட்டால் கையேட்டில் பாதி இடம் விதிவிலக்குகளுக்கே போய்விடும். மாறாமல் இருப்பது வரிசை ஒன்றுதான், எது முதலில், எது கடைசியில் என்பது. முன்சாய்வு, பின்சாய்வு என்று வந்த யோசனையும் இதைத்தான் பிடிக்கப் பார்த்தது, ஆனால் முன்சாய்வு என்றால் வட்டு முன்னால் குனிகிறது என்றுதான் முதலில் தோன்றுகிறது. ஐயா வேறு ஏதோ இழையில் முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி பற்றி எழுதியிருந்தார். அங்கே மின்னலடித்தது: முதல்வளைவு, கடைவளைவு. இடக்கை, வலக்கை, புறங்கை, உள்ளங்கை எல்லாவற்றுக்கும் பொருந்தும். டெஸ்ட்ராயரின் -1 முதல்வளைவு, 3 கடைவளைவு. முதல்வளைவு எண் பூச்சியத்துக்குக் கீழே போகப் போக வளைவு கூடும் என்பதை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

> மிகைநிலைப்பு (overstable), குறைநிலைப்பு (understable)?

இவைதான் இருப்பதிலேயே ஆபத்தானவை. மிகைநிலைப்பு என்றால் யாருக்கும் 'ரொம்ப நிதானமான வட்டு, எனக்கு ஏற்றது' என்றுதான் தோன்றும். உண்மையில் அது முதல்வளைவுக்கு மசியாமல், கடைசியில் வெடுக்கென மடங்கும் வட்டு, புதியவர் கையில் மிகவும் முரண்டு பிடிப்பது. குறைநிலைப்பு என்று பழிக்கப்பட்டதுதான் அவருக்கு நேராகப் போய்க் கைகொடுக்கும். ஆங்கிலத்திலேயே இந்த இரண்டு சொற்களும் புதியவர்களைப் படுத்துகின்றன, அந்தக் குழப்பத்தை நாம் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்? முதல்வளைவு மேலோங்கியது முதல்வளைவி. கடைவளைவு மேலோங்கியது கடைவளைவி. இரண்டும் அடங்கியது நேர்வட்டு. காற்றுக்குத் தலைகுனியாத கடைவளைவிக்கு 'வணங்காமுடி' என்று ஒருவர் பெயர் வைத்தார். கலைச்சொல்லாக வேண்டாம், களத்தில் நான் நிச்சயம் அப்படித்தான் கூப்பிடுவேன்.

வட்டு வகைகளின் பெயர்களை (driver, midrange, putter) வேகமாக முடித்துவிடலாம். ஓட்டுநர் வேண்டாம், சிரிப்பு வருகிறது. இயக்கியைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். நெடுவட்டு, இடைவட்டு, குறுவட்டு என்ற மூன்றும் கேட்க அழகு. ஆனால் குறுவட்டில் நாம் பாட்டுக் கேட்டிருக்கிறோம். நெடுவட்டு என்றால் மறுபடியும் 'தூரம் போகும்' என்ற அதே பொய்யான வாக்குறுதி. கைக்குத் தெரிகிற வித்தியாசம் விளிம்பில்தான் இருக்கிறது. 1983இல் இன்னோவாவின் ஈகிள் வட்டோடுதான் விளிம்பைச் சரித்துக் கூராக்கும் முறை வந்தது. கட்டைவிரலை மேலே வைத்து மற்ற விரல்களை விளிம்புக்கு அடியில் மடக்கிப் பாருங்கள். 12இல் விளிம்பு அகலமாக, பட்டையாக விரல்களைத் தள்ளி நிறுத்தும். 2இல் விளிம்பு மெலிதாக, மழுங்கலாக இருக்கும். ஆகவே கூர்வட்டு, இடைவட்டு, அப்புறம் கூடைக்குள் இடுவதற்கு இடுவட்டு. இரண்டு பெயர் வடிவத்தால், ஒன்று வேலையால். ஒழுங்கில்லைதான், இருக்கட்டும். மழுவட்டு என்றால் ஒழுங்கு வந்திருக்கும், ஆனால் மழு என்பது கோடரி ஆயிற்றே.

கடைசியாக, சுமந்து போகும் வட்டுகளின் தொகுதிக்கு என்ன பெயர்? 'தூணி' கம்பீரமான சொல், அம்புறாத்தூணியின் வாரிசு. எழுதிப் பார்த்தேன், வீட்டில் இரண்டு பேரும் 'துணி' என்றே படித்தார்கள். சீட்டுக்கட்டு போல வட்டுக்கட்டு என்று வைத்துக்கொள்கிறேன். பை வேறு, கட்டு வேறு: பை தோளில் தொங்குவது, கட்டு நாம் தேர்ந்தெடுத்தது.

சொற்கள் தேறுமா என்று பார்க்க ஒரு பத்தி எழுதினேன்:

"முதல் வட்டுக்கட்டுக்கு மூன்று வட்டு போதும்: ஓர் இடுவட்டு, ஓர் இடைவட்டு, வேகத்தேவை 7ஐத் தாண்டாத ஒரு கூர்வட்டு. இடுவட்டு ஏவியார் போல 2, 3, 0, 1 என்று இருக்கலாம். கூர்வட்டு முதல்வளைவியாக இருக்கட்டும். உதாரணமாக லெப்பர்டு, அதன் எண்கள் 6, 5, -2, 1. மெதுவாக வீசும் கையில் எந்த வட்டுக்கும் கடைவளைவு கூடும். முதல்வளைவியில் அது ஈடாகி வட்டு நேராகப் போகும். எதிர்க்காற்றில் இதே வட்டு கவிழ்ந்துவிடும், ஏனென்றால் காற்றை எதிர்த்துப் போகும் வட்டு கூடுதல் வேகத்தில் வீசியதைப் போல நடந்துகொள்ளும், முதல்வளைவு பெருகும். அத்தகைய நாளுக்காக நான்காவதாக ஒரு கடைவளைவி, உதாரணமாக 9, 3, 0, 4 எண்களுள்ள ஃபயர்பேர்டு. அது தூரத்துக்கு இல்லை. எந்தக் காற்றிலும் கடைசியில் எந்தப் பக்கம் மடங்கும் என்று தெரிந்திருக்கிறதே, அதற்காக."

இடைவட்டுக்கு டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் புகழ்பெற்ற Buzzz வட்டைச் சொல்ல ஆசை. தமிழில் எழுதினால் 'பஸ்' என்று வருகிறது. பையில் பஸ் வைத்துக்கொள்ளுங்கள் என்று எப்படி எழுதுவது?

அன்புடன்

-----

மறு: மறு: வட்டுக்கட்டு

தம்பி, பத்தி படித்தேன், இடக்கையாலேயே ஒப்பம் இடுகிறேன். இரண்டு சொல்ல வேண்டும்.

ஒன்று, இடுவட்டைக் கூடைக்கு அருகில் மட்டுமா வீசுகிறோம்? மரங்களுக்கு நடுவே இடுக்கான தடம் என்றால் நான் முதல் வீச்சுக்கே அதைத்தான் எடுக்கிறேன். பெயரைப் பார்த்துவிட்டுப் புதியவர் அதைப் பைக்குள்ளேயே பூட்டி வைத்துவிடப் போகிறார்.

இரண்டு, அச்சிட்ட எண்களை வேதவாக்காக எழுதியிருக்கிறாய். என்னிடம் ஒரே வார்ப்பச்சில் வந்த மூன்று ராக் இடைவட்டுகள் இருக்கின்றன. மூன்றிலும் 4, 4, 0, 3தான். புதியது எண்ணில் உள்ளபடி மடங்கும். இரண்டு வருடம் மரத்தில் மோதியது நேராகப் போகும். ஏழெட்டு வருடம் உழைத்தது லெப்பர்டைப் போலத் திரும்புகிறது. எனக்கு இவை மூன்று தனி வட்டுகள், மூன்றையும் சுமக்கிறேன். இதற்குச் சொல் எங்கே? 'அடிபட்ட வட்டு' என்றால் உடைந்தது என்று நினைப்பார்கள்.

-----

மறு: மறு: மறு: வட்டுக்கட்டு

அக்கா, இரண்டாவதை நான் கோட்டைவிட்டதற்கு மன்னிக்கவும். தேயத் தேயக் கடைவளைவு குறைந்து முதல்வளைவு கூடுகிறது என்பதைத் தனிப் பத்தியாகவே சேர்க்கிறேன். சொல்: 'பழகிய வட்டு'. பழகின செருப்பு என்கிறோமே, அதே பொருளில். உங்கள் மூன்றும் புதுவட்டு, பழகிய வட்டு, முற்றப் பழகிய வட்டு. மலிவான பிளாஸ்டிக் சீக்கிரம் பழகும், விலை கூடியது மெதுவாகப் பழகும். ஆக ஒரே அச்சில் இரண்டு வாங்கி ஒன்றைப் பழக்குவது வேறு அச்சைத் தேடுவதைவிடப் புத்திசாலித்தனம் என்றும் எழுதுவேன். மூன்று வட்டு, காற்றுக்கு நான்காவது என்ற என் கணக்கு இதனால் ஐந்தாகிறது, பரவாயில்லை.

இடுவட்டை மாற்றவில்லை. தொலைபேசியில் பேசுவது குறைந்து எத்தனை நாளாகிறது, பெயர் அப்படியேதானே இருக்கிறது? 'முதல் வீச்சுக்கும் ஆகும்' என்று பக்கத்தில் ஒரு குறிப்புப் போட்டுவிடுகிறேன்.

வட்டின் அடியில் 175 என்று கிறுக்கியிருப்பது என்ன என்று ஐயா தனிமடலில் கேட்டிருந்தார். அது எடை, கிராமில். பி.டி.ஜி.ஏ. என்ற தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தின் விதிப்படி விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் வரைதான் எடை இருக்கலாம். 21.1 சென்டிமீட்டர் கூர்வட்டுக்கு அது 175இல் வந்து நிற்கிறது. இதற்குப் புதுச் சொல் எதுவும் வேண்டாம், எடை எடைதான். புதியவர் 160க்குப் பக்கத்தில் எடுத்தால் வீச எளிது.

அவர் இன்னொன்றும் கேட்டார்: 'கட்டில் எத்தனை வட்டு?' என்று எழுதினால் படுக்கிற கட்டில் ஆகிவிடாதா? 'வட்டுக்கட்டில்' என்று முழுதாக எழுதிப் பார்த்தேன், வட்டமான கட்டில் போல இன்னும் மோசமாக இருக்கிறது. 'கட்டுக்குள்' என்று போட்டிருக்கிறேன். வேறு யாருக்காவது இதைவிட நல்லது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்றைக்குக் கையேட்டை முடிக்கிறேன்.