தமிழில் பேசும் தம்பதி ஆலோசகர் வேண்டும் – அல்சூர், இந்திராநகர் பக்கம்

அக்காக்களே, தோழிகளே, வணக்கம். பெங்களூருவுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இதை முதல்முறையாக வெளியில் சொல்கிறேன்.

என் கணவர் அடிப்பவர் இல்லை, குடிப்பவரும் இல்லை. ஆனால் இரவில் நான் ‘இன்றைக்கு வேண்டாம்’ என்றால் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார். சாப்பாடு வைத்தால் எழுந்து போய்விடுவார். ‘அப்பா ஏன் பேசல?’ என்று பையன் என்னைக் கேட்பான். அந்த மௌனத்துக்குப் பயந்தே பல நாள் சரி என்று சொல்லிவிடுகிறேன். அப்புறம் விடியும்வரை தூக்கம் வராது. பயத்தில் வருகிற ‘சரி’ சம்மதமா? இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அம்மாவிடம் சொன்னால் "அனுசரிச்சுப் போம்மா" என்கிறார்.

சட்டத்தையும் படித்துப் பார்த்தேன். மனைவிக்கு 18 வயது நிறைந்திருந்தால், கணவர் கட்டாயப்படுத்தினாலும் பாரதிய நியாய சம்ஹிதை என்ற குற்றவியல் சட்டத்தின் 63ஆம் பிரிவு அதை வன்புணர்வாகக் கருதுவதில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் துன்புறுத்தலும் அடங்கும். எனக்கு வழக்கு வேண்டாம். அவருக்குப் புரிய வேண்டும்.

இருவரையும் உட்காரவைத்துத் தமிழில் பேசும் ஆலோசகர் யாராவது தெரியுமா? என் கணவருக்கு ஆங்கிலத்தில் மனம்விட்டுப் பேச வராது. ஞாயிற்றுக்கிழமை பார்ப்பவர் என்றால் வசதி. எனக்கே புத்தி சொல்லி அனுப்புபவர் வேண்டாம்.

வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தவர்கள், எப்படித் தொடங்கினீர்கள் என்றும் சொல்லுங்கள். இங்கே எழுதக் கூச்சமாக இருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.